துரை பொள்ளாச்சி போயிருந்தபோது

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று தெய்வாத்தாள் அம்மாவிடம் சொல்லாதது: என் கையில் இருந்த அட்டைப் பெட்டியில் புத்தகம் இல்லை.

கீழ்வீட்டு வாசலில் மாவுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "மறுபடி புஸ்தகமா கண்ணு? மாடி தாங்குமா?" என்றார். நான் சிரித்தேன். சிரிப்பதைப் பொய் என்று சொல்ல முடியாது என்று படியேறும்போது எனக்கு நானே வாதாடிக்கொண்டேன்.

இந்த மாடியை வாடகைக்குக் கொடுத்தபோது அவர் விதித்தது இரண்டே நிபந்தனைதான். மேலே ஆண்கள் வரக் கூடாது. நாய், பூனை என்று எதையும் வளர்க்கக் கூடாது. இன்று ஒரே பெட்டியில் இரண்டையும் மீறியாயிற்று. பெட்டிக்குள் இருப்பது ஒரு சிலந்தி. என் உள்ளங்கை அளவு. ஆண்.

சித்தி மகன் கௌசிக் நாளை ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறான். ஐந்து வருடமாக அவன் வளர்த்தது. "அத எங்கியாச்சும் குடுத்துட்டுப் போ. இல்லீனா நீ ஏர்போர்ட் தாண்டறதுக்குள்ள வெந்நி ஊத்திருவேன்" என்று சித்தி சொல்லிவிட்டாளாம். பூச்சியைக் கண்டு அலறாத ஒரே சொந்தம் நான்தான் என்று அவன் முடிவு செய்திருக்கிறான். நான் அலறாதது தைரியத்தால் அல்ல. அலறுவது எனக்கு வராது.

"கடிக்குமாடா?"

"அவனா? கடிக்க மாட்டான்க்கா. ரொம்பப் பயந்தா பின்னங்கால்ல முதுகத் தேச்சு முடிய உதிர்த்து உடுவான். கைல பட்டா அரிக்கும். அவ்வளவுதான்."

"எத்தன நாளைக்குப் பாத்துக்கோணும்? நீ லீவுக்கு வர்ற வரைக்குமா?"

கௌசிக் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது வரைக்கும் தேவப்படாதுக்கா. கடைசிச் சட்டை உரிச்சுட்டான்."

பாம்பைப் போல இதுவும் சட்டை உரித்து உரித்துத்தான் வளருமாம். பெண் இருபது வருடம்கூட உரித்துக்கொண்டிருக்கும். ஆண் வயதுக்கு வரும்போது ஒரு சட்டை உரிக்கும், அத்தோடு சரி. பிறகு வளர்ச்சியும் இல்லை, இன்னொரு சட்டையும் இல்லை. மிஞ்சினால் ஒரு வருடம், ஒன்றரை வருடம். அதற்குள் ஒரு பெண்ணைத் தேடி நடப்பது ஒன்றுதான் அதற்கு வேலை. இது உரித்தது போன தீபாவளிக்கு முன்பு.

பெயர் துரை. வெளிநாட்டுச் சாதி என்பதால் சித்தப்பா வைத்தது.

"கூப்பிட்டாத் திரும்புமா?"

"காதே கெடையாதுக்கா."

பிப்ரவரி 3, திங்கள்

பயந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்பு அல்ல, அடர்ந்த காப்பி நிறம். ஒவ்வொரு முழங்காலிலும் மெல்லிய பொன் கோடு. முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கைகள். அவற்றின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி உருண்டிருக்கிறது. முன்னங்கால்களின் உட்பக்கம் காலுக்கொரு கொக்கி. ஆண் என்பதற்கு அவைதான் அடையாளமாம்.

பிளாஸ்டிக் பெட்டி, காற்றுக்குத் துளைகள், அடியில் தேங்காய் நார்த்தூள், ஒளிந்துகொள்ள ஒரு கொட்டாங்குச்சி, தண்ணீருக்கு ஊறுகாய் பாட்டில் மூடி. இவ்வளவுதான் குடித்தனம். என்னுடையதும் ஏறக்குறைய இவ்வளவுதான். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

அம்மா கோபியிலிருந்து கூப்பிட்டாள். முதல் கேள்வி வழக்கம்போல: "மாப்பிள்ள போன் பண்ணுனாரா?" பண்ணவில்லை என்றேன். "நீயாச்சும் பண்ணலாமல்ல." பிறகு கடலைக்காய் விலை பற்றிப் பேசினோம்.

படிக்கட்டில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து, ஸ்பீக்கரில் போடாமல் பேசினேன். எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் பேச வேண்டியிருந்த கணவர் வீட்டை விட்டு வந்து மூன்று மாதம் ஆகியும் அது யாரோ கொடுத்த சலுகை போலவே இருக்கிறது.

நவம்பரில் நானும் மோகன்ராஜும் சேர்ந்து விவாகரத்து மனுக் கொடுத்தோம். மே மாதம் மறுபடி நீதிமன்றத்தில் நின்று இருவரும் சம்மதம் என்று சொல்ல வேண்டும். அதுவரை அவர் மனம் மாறக் கூடாது. எனக்கு இந்த மாடியும் போகக் கூடாது. மாடி போனால் கோபிக்குத்தான் போக வேண்டும். கோபிக்குப் போனால் அப்பா என்னைக் காரில் ஏற்றி மறுபடி அங்கேயே கொண்டுபோய் விடுவார். ஒரு முறை விட்டிருக்கிறார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார்.

பிப்ரவரி 10, திங்கள்

சாப்பிடவில்லை. உக்கடத்தில் மீன் தொட்டிக் கடையில் வாங்கிய வெட்டுக்கிளி அவன் முதுகின் மேலேயே ஏறி நடந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாப்பிடவில்லை. நான் இரண்டு தோசை.

பிப்ரவரி 12, புதன்

நேற்று முன்தினம் எழுதியதைப் படித்தால் 'அவன் முதுகு' என்று இருக்கிறது. எப்போது மாறியது என்று தெரியவில்லை. பள்ளியில் படித்தபடி பூச்சி அஃறிணை. 'அது' என்றுதான் எழுத வேண்டும். திருத்தப் பார்த்தேன். கை வரவில்லை. பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்து, இருட்டியதும் எழுந்து விடிய விடிய சுவரோரமாக நடக்கும் ஒன்றை எப்படி 'அது' என்பது.

மோகன்ராஜ் என்ற பெயரை இங்கே எழுதுகிறேன். வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் 'அவர்'. மூன்று வருடம் கூட இருந்தவர் அவர். பத்து நாளாகக் கூட இருப்பது அவன். எதை வைத்து மரியாதை பிரிக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே அலுவலகத்தில் நூல் இழைகளைப் பரிசோதனை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அறுந்தது, குறித்தேன், அறுந்தது, குறித்தேன்.

துரை நார்த்தூள் மேல் ஒரு வெள்ளைத் துணி விரித்த மாதிரி இழை விட்டிருக்கிறான். அதில் ஒன்றை எடுத்துப்போய் இயந்திரத்தில் மாட்டிப் பார்க்க ஆசை. போனால் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பார்கள். வேண்டாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒரு கண்டுபிடிப்பு. காலையில் கீழே தெய்வாத்தாள் அம்மாவின் கிரைண்டர்கள் ஓடத் தொடங்கியதும் தரை லேசாக அதிரும். அப்போது துரை நின்ற இடத்தில் நின்று, அந்தக் குட்டிக் கைகளால் தரையைத் தட்டுகிறான். விட்டு விட்டு, வேகமாக. கிரைண்டர் நின்றால் நிறுத்துகிறான்.

கௌசிக்கிடம் சொன்னேன்.

"பொண்ணக் கூப்பிடறான்க்கா. அவ தட்டுறதா நெனச்சுட்டு இவனும் தட்டுறான்."

"அது கிரைண்டர்டா."

"அவனுக்கு அது தெரியாதல்ல."

தினமும் காலையில் பத்துப் படி இட்லி மாவுக்குக் காதல் சொல்லிக்கொண்டிருக்கிறான், பாவம்.

பிப்ரவரி 27, வியாழன்

மாவு வாங்கப் போனேன். தெய்வாத்தாள் அம்மா கரண்டியால் அளந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அம்மிணி, மேல ஆரு கூடயாச்சும் பேசிட்டிருந்தயா நேத்து?"

"போன்லீங்கம்மா. சித்தி பையன்."

"போன்லயா. அப்பச் செரி." பையை முடிந்து கொடுத்தார். "நான் ஒண்ணும் கேக்கறதில்ல. ஆம்பளைக மேல ஏறக்கூடாது, அவ்வளவுதான். இந்தத் தெருவு அப்படி."

நான் 'அவன்' என்று பேசியது ஒரு பூச்சியை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டாவது நிபந்தனை. வாயை மூடிக்கொண்டு ஏறி வந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், பேசுவது படிக்கட்டில்தான். கௌசிக் உற்சாகமாக இருந்தான்.

"அக்கா, பொண்ணு கெடச்சிருச்சு. பொள்ளாச்சில. ரெஜினான்னு ஒரு பல் டாக்டர் வளக்கறாங்க. அதே சாதி."

"துரை இருக்கற நெலமைல அனுப்பலாமாடா? ஒழுங்காச் சாப்புட்டு மூணு வாரம் ஆச்சு. ராத்திரியெல்லாம் தூங்காம நடக்கறான்."

"அதான்க்கா அனுப்பச் சொல்றேன்."

"அவ இவனக் கொன்னுட்டா?"

"சான்ஸ் இருக்கு. பெருசு அவ. ஆனா உன்ற வீட்லயே வெச்சுட்டிருந்தாலும் அவன் கொஞ்ச நாள்தான். மூடியத் தள்ளித் தள்ளி நிக்கறான்னு நீதான சொன்ன."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளே வந்து துண்டை விலக்கிப் பார்த்தேன். மூடியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். இங்கே அவனுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. தண்ணீர் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, வெளியே போய் அடிபட மாட்டான். இதே வாக்கியத்தை எனக்கும் ஒருவர் சொல்லியிருக்கிறார், ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை.

அனுப்பலாம் என்று கௌசிக்குக்குக் குறுஞ்செய்தி போட்டேன்.

மார்ச் 5, புதன்

அலுவலகத்தில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். வேலை நேரத்தில் கூப்பிடுபவள் அல்ல.

"ஆரு அந்தத் துரை?"

என் கையில் இருந்த நூல்கண்டு கீழே விழுந்தது. தெய்வாத்தாள் அம்மா அவசரத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். படிக்கட்டில் நான் பேசியது கீழே மாவு அளந்துகொண்டிருந்தவருக்கு முழுக்கக் கேட்டிருக்கிறது.

"அம்மா, அது பூச்சி. எட்டுக்கால் பூச்சி. கௌசிக் வளத்துனது."

"பூச்சிக்கு ஆராச்சும் அவன் இவன்னு பேசுவாங்களா வாணி?"

"நான் பேசறேன்."

"சாப்புட மாட்டீங்கறான், ராத்திரி தூங்க மாட்டீங்கறான், பொள்ளாச்சில ஒரு பொண்ணு இருக்குது, அவ கொன்னு போடுவா. இதெல்லாம் பூச்சியா?"

"ஆமாம்மா."

"எனக்காச்சும் நெசத்தச் சொல்லு" என்றாள். நெசத்தைத்தான் சொன்னேன் என்றேன். "நான் அப்பாகிட்டச் சொல்லாம இருக்க முடியாது" என்று வைத்துவிட்டாள். அப்பாவிடம் போவது இன்றே மோகன்ராஜுக்கும் போய்விடும்.

மார்ச் 8, சனி

பொள்ளாச்சி பேருந்து. டிபன் டப்பா அளவுப் பெட்டியில் ஈரக் காகிதம் வைத்துத் துரையை ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி, "ஸ்வீட்டா?" என்றார். ஆமாம் என்றேன். கிணத்துக்கடவு தாண்டும் வரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் ரெஜினா ஐம்பது வயதுக்காரர், கட்டைக் குரல். கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் அறையில் அந்தப் பெண் சிலந்தி, பெயர் மகாராணி. துரையைவிடக் கனம், கால்கள் தடித்து, ராணியாகத்தான் இருந்தாள்.

"இன்னிக்கே சேத்து விடப் போறதில்லம்மா. ரெண்டு பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா வாசம் பழகும். அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்க. நீங்க இருக்கும்போதே விடலாம்."

"நான் இருக்கணுமா?"

"வேணாம்னா வேணாம். சில பேருக்குப் பாக்க முடியாது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்டீங்களா?" என்றார்.

திரும்பி வரும்போது மடி காலியாக இருந்தது. இரவு அறை அசையாமல் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

வந்தார்கள். காலை மாவு வியாபாரம் முடியும் நேரம். மோகன்ராஜும் அவருடைய பெரிய மாமாவும். கீழே தெய்வாத்தாள் அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டு மூவரும் மேலே வந்தார்கள். எழுதிவிடுகிறேன், நடந்தபடியே.

மோகன்ராஜ் கத்தவில்லை. என்றைக்கும் கத்தியதில்லை, அதனால்தான் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு நான் எதையும் காட்ட முடிந்ததில்லை. குளியலறைக் கதவைத் திறந்து, கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். துணி அலமாரியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துவிட்டு மூடினார். மாமா இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தெய்வாத்தாள் அம்மா நிலைப்படியில் நின்றார். கையில் மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

கீழ்த்தட்டில் இருந்த துண்டை மோகன்ராஜ் விலக்கினார். காலிப் பெட்டி, கொட்டாங்குச்சி, பாட்டில் மூடி.

"என்ன இது?"

"துரை இருக்கற பெட்டி."

"துரை எங்க?"

"பொள்ளாச்சி."

"எதுக்கு?"

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "பொண்ணு பாக்க" என்றேன்.

மாமா நாற்காலியில் அசைந்தார். "நெக்கலாப் பேசறா பாரு."

"நெசமாவே பூச்சிங் மாமா."

"போனக் குடு" என்றார் மோகன்ராஜ். "அவனுக்கு அடி. ஸ்பீக்கர்ல போடு."

நான் போனை எடுத்தேன். திறந்தேன். கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தினேன், ஸ்பீக்கரையும் அழுத்தினேன், கையை நீட்டி அவருக்கும் எனக்கும் நடுவில் பிடித்தேன். நீட்டிய பிறகுதான் என் கையைப் பார்த்தேன். யாரும் பிடித்து இழுக்கவில்லை. அது தானாகவே அந்த உயரத்தில், அந்தத் தூரத்தில் போய் நின்றிருந்தது.

மணி அடித்தது. தூக்கக் கலக்கத்தில் கௌசிக்கின் குரல். "வாணிக்கா? என்னாச்சு? துரை உசுரோட இருக்கானா, அவ தின்னுட்டாளா?"

மாமா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"அக்கா? ஹலோ?"

"கௌசிக்க வெச்சு நாடகம் போடறயா" என்றார் மோகன்ராஜ், மெதுவாக.

அப்போது தெய்வாத்தாள் அம்மா உள்ளே வந்தார். என் கையிலிருந்து போனை வாங்கினார். எதை அழுத்துவது என்று தெரியாமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டார். இடுப்பிலிருந்து கௌசிக் இரண்டு முறை ஹலோ சொன்னான்.

"தம்பி, கீழ எறங்குங்க."

"நான் அவ வீட்டுக்காரன்ங்க."

"ஆரா வேணாலும் இருங்க. எனக்கென்னங். இந்த ஊட்டு மாடில ஆம்பளைக ஏறக்கூடாது. அட்வான்ஸ் வாங்கறப்பவே சொல்லியிருக்கறேன்."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கம்மா, நீங்கதானுங்க போன் பண்ணி, மேல ஒரு ஆம்பள இருக்கறான்னு சொன்னது?"

"ஆமாங். இப்ப ரெண்டு ஆம்பள இருக்கறீங்க. அதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப அந்தத் துரை வந்தா?"

"வந்தா அவனையும் எறக்கி உட்டுருவேன். நீங்க மொதல்ல எறங்குங்க."

மாமா முதலில் எழுந்தார். மோகன்ராஜ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போகும் சத்தம் கேட்டது, இரண்டு ஜோடிச் செருப்பு. கடைசியில் மூன்றாவது ஜோடி; மாவு படிந்த ரப்பர் செருப்பு, நிதானமாக.

மார்ச் 10, திங்கள்

அலுவலகம் போகவில்லை. தூங்கினேன்.

மார்ச் 11, செவ்வாய்

தெய்வாத்தாள் அம்மா ஒரு கிண்ணம் மாவும் என் போனும் கொண்டு மேலே வந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு வாடகைக்குக்கூட வந்ததில்லை. நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்.

"நான்தான் கண்ணு உங்கம்மாளுக்குப் போன் பண்ணுனேன்."

"தெரியுமுங்."

"உன்னையே கேட்டிருக்கோணும்."

"நான் சொல்லியிருக்கோணுமுங்."

"அந்தத் துரை ஆருங்கறது எனக்கு வேண்டாம்."

"பூச்சிங்கம்மா. எட்டுக்கால் பூச்சி. இவ்வளவு பெருசு இருக்கும்."

என் விரித்த கையைப் பார்த்தார். பிறகு என்னை. "செரி" என்றார். ஒரு சொல்கூட நம்பவில்லை. நம்பாமலே உட்கார்ந்திருந்தார், அதுதான் எனக்கு ஆச்சரியம். ஜன்னல், புத்தகங்கள், மடித்து வைத்த பாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அந்தப் போனு உன்றதுதான?"

"ஆமாங்."

"பொறவு எதுக்கு நீட்டுன?"

நான் கிண்ணத்தை எடுத்து மேடையில் வைத்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மாவு நாளைக்குப் புளிச்சுரும், இன்னைக்கே ஊத்திக்க" என்று எழுந்து போனார். கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் அழுதேன். நன்றாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

பார்த்தேன். கடைசி வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

டாக்டர் ரெஜினா ஒரு கையில் வண்ணம் பூசும் நீளத் தூரிகை, இன்னொரு கையில் அட்டை வைத்திருந்தார். மகாராணி பாய்ந்தால் நடுவில் செருக. துரையின் பெட்டியைத் திறந்து மகாராணியின் தொட்டிக்குள் வைத்தார். அவன் மெல்ல வெளியே வந்தான். அவள் விட்டிருந்த இழையில் கால் பட்டதும் நின்றான். தட்டினான், கிரைண்டருக்குத் தட்டிய அதே தட்டு.

இந்த முறை பதில் வந்தது. அவளுடைய கொட்டாங்குச்சிக்குள்ளிருந்து, மெதுவாக, கனமாக.

"ஒத்துக்கிட்டா" என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில்.

அவள் வெளியே வந்து முன்பகுதியைத் தூக்கினாள். இரண்டு கோரைப் பற்களும் விரிந்தன. துரை ஓடவில்லை. நேராக அவற்றுக்குக் கீழே போனான். அந்த இரண்டு முன்னங்கால் கொக்கிகளை அந்தப் பற்களில் மாட்டி, அவளைத் தூக்கிப் பிடித்தான். கொக்கி எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடையாளத்துக்கு அல்ல. கடிக்க வரும் பல்லைத் தடுத்து வைத்துக்கொண்டே பக்கத்தில் நிற்பதற்கு.

முடிந்ததும் கொக்கியை விடுவிப்பதுதான் சிக்கல் என்றார் டாக்டர். விடுவித்தான். அவள் பாய்ந்தாள். அட்டை இறங்கியது. துரை பெட்டியின் மூலையில், எட்டுக் காலோடு.

"பையன் பொழைச்சான்" என்றார் டாக்டர். நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார், பல் கொப்பளிக்கும் டம்ளரில்.

வீடு திரும்பியபோது கீழே தெய்வாத்தாள் அம்மா காத்திருந்தார். நான் பெட்டியைத் திண்டில் வைத்து மூடியைக் கொஞ்சம் நகர்த்தினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பின்வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பார்த்தார்.

"இதுதான் துரையா?"

"ஆமாங்."

"இதுதான் ராத்திரியெல்லாம் தூங்காம நடந்துட்டிருந்தது?"

"ஆமாங்."

"அந்தப் பொள்ளாச்சிப் பொண்ணு?"

"தின்னலீங்."

நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்குவது தோளில் தெரிந்தது. "அன்னைக்கு அந்த மாமங்காரன் மூஞ்சில இதப் போட்டிருக்கோணும்" என்றார். பிறகு வீட்டுக்காரக் குரலில்: "கீழ கரப்பானுக்கு மருந்து அடிச்சிருக்கறேன். அதப் புடிச்சுக் குடுத்துறாத. செத்துப் போகும்."

நாய், பூனை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா வந்தாள். துண்டை விலக்கிக் காட்டினேன். நெடுநேரம் நின்று பார்த்தாள். "இதுக்கா நான் நாலு நாள் சோறு திங்காமக் கெடந்தேன்" என்றாள். போகும்போது, "உங்கப்பாகிட்ட நான் எப்படிச் சொல்றது, நம்ப மாட்டாரு" என்றாள். படம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வேண்டாம், போனில் அதை வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

துரை இப்போது நடப்பதில்லை. கிரைண்டர் ஓடினாலும் தட்டுவதில்லை. ஒரு வெட்டுக்கிளி சாப்பிட்டான், பாதி. ஒரு பின்னங்கால் லேசாக இழுக்கிறது. மூடியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். வலியா என்று கௌசிக்கைக் கேட்டேன். தெரியாது என்றான். நேர்மையான பதில்.

மே 19, திங்கள்

நீதிமன்றம். நடைபாதையில் மின்விசிறி இல்லை. பெரிய மாமா எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து அவ்வப்போது என்னைப் பார்த்தார். கடைசியில் எழுந்து வந்தார். நான் என் போனைக் கைப்பைக்குள் வைத்து மூடினேன்.

"அந்தப் பூச்சி வந்துருச்சா?"

"வந்துருச்சுங்."

"தின்னுட்டாளா?"

"இல்லீங் மாமா. உசுரோடதான் இருக்கறான்."

தலையை ஆட்டிவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். மோகன்ராஜின் காதில் ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் சொன்னார்.

உள்ளே நீதிபதி கேட்டார். நான் முதலில் சொன்னேன். மோகன்ராஜ் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "சம்மதம்" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. அந்தச் சாதாரணக் குரலைக் கேட்டு என் முதுகு விறைக்காமல் இருந்தது இதுதான் முதல் முறை.

வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தேன். இஞ்சி அதிகம். இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் துரை இறந்திருந்தான். கால்களை அடியில் மடித்துக்கொண்டு, தண்ணீர் மூடிக்குப் பக்கத்தில். கௌசிக்கிடம் சொன்னேன். அவன் கொஞ்சம் அழுதான். நான் அழவில்லை. துரை இங்கே இருந்த காலத்தில் ஒரு நாள்கூட நான் தனியாக இருப்பதாக நினைத்ததில்லை. தனியாக இல்லை என்றும் நினைத்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதற்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தெய்வாத்தாள் அம்மா தன் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி தோண்டிக் கொடுத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கு முடிந்துவிட்டது, இனி எதற்குத் தனியாக, துணிமணியை எடுத்து வை என்றார். நான் வரவில்லை அப்பா, இங்கேதான் இருக்கப் போகிறேன் என்றேன். இரண்டாவது முறை கேட்டார். இரண்டாவது முறையும் சொன்னேன். கீழ்வீட்டுத் திண்டில் உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டார், சட்னி நன்றாக இருக்கிறது என்றார், கையைக் கழுவினார். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு கோபிக்குப் போனார்.